பாமினி இல்லாத வீடு

உங்கள் கையாலேயே அடித்த கடிதத்தை உங்களாலேயே வாசிக்க முடியாமல் போனதுண்டா?

கலாராணிக்கு அது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நடந்தது. கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறை மேசையில் புது லெப்டொப்பை வைத்து, பென் ட்ரைவைச் சொருகி, பழைய கடிதம் ஒன்றைத் திறந்தாள். 'அன்புள்ள அம்மா' என்று தொடங்க வேண்டிய கடிதம். திரையில் வந்தது இது:

md;Gs;s mk;kh

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதேதான். அடுத்த கடிதத்தைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான். இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் பளீல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் தமிழ் அடிக்கிறவள். அவள் சேர்த்து வைத்த கடிதம், மனு, அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் ஒரே மாதிரிக் குப்பையாகத் தெரிந்தன.

போன வாரம் வாசித்தவர்களுக்குத் தெரியும், கூரைத் தகரத்து ஓட்டை வழியாக மழை இறங்கி அவளுடைய பழைய லெப்டொப்பை முடித்துவிட்டது. பென் ட்ரைவ் மட்டும் தப்பியது. டோஹாவில் வேலை செய்கிற மகன் இளங்கோ, தன்னோடு வேலை செய்கிற அலவத்துகொட ஷாமில் ஊருக்கு வரும்போது அவனிடம் ஒரு லெப்டொப்பைக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அது வந்து சேர்ந்தது. பளீல் நானாவின் கடை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. நாளை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பேராதனை வீதியில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் கலாராணிக்குத் தட்டச்சுப் பரீட்சை. இருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். லெப்டொப்பை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடம், நிமிடத்துக்கு முப்பத்தைந்து சொல். பழகுவதற்காக இன்று கடைக்கு லீவு போட்டிருந்தாள்.

நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அழைப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாமினிய காணோம்," என்றாள்.

வாசலில் குனிந்து சப்பாத்து கட்டிக்கொண்டிருந்த கணவர் அழகையா நிமிர்ந்தார். பாலத்தடியில் உள்ள ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவர் ஸ்டோர் கீப்பர்.

"பாமினியா? அது யாரு?"

"இருபத்திரண்டு வருசமா என்கூட இருக்கிறவ."

"எனக்குத் தெரியாம வீட்டுல இன்னொருத்தியா? அவளுக்குச் சோறு யாரு போட்டது?"

"எழுத்துங்க. கம்பியூட்டர்ல தமிழ் எழுத்தோட பேரு. அது இல்லாட்டி அடிச்சதெல்லாம் இப்பிடித்தான் தெரியும்."

அழகையா ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"டொக்டர் குடுக்கிற துண்டு மாதிரியில்ல இருக்கு. பாமசிக்காரன்கிட்ட காட்டு. அவன் வாசிச்சு மருந்தும் குடுத்துருவான்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"அழுதா மட்டும் பாமினி வந்துருவாளா?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "மகனுக்கு கோல் எடு. அவன்தானே அனுப்புனவன்," என்றுவிட்டு மற்றச் சப்பாத்தைத் தேடினார்.

எழுத்தின் பெயரைக் காட்டுகிற சின்னப் பெட்டியில் Bamini என்று இருக்கத்தான் செய்தது. சாய்ந்த எழுத்தில் இருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றாமல் வீட்டைக் காலி பண்ணிப் போனது மாதிரி.

*

டோஹாவில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். இளங்கோ வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றான். பின்னால் நாலைந்து பாஷையில் சத்தம்.

"அம்மா, அது விண்டோஸ் இல்ல. லினக்ஸ். நான்தான் போட்டேன். வைரஸ் வராது, சல்லியும் கட்டத் தேவையில்ல."

"அந்தக் கீழ் மூலையில அமுக்கிறது ஒண்ணு இருக்குமே, அத காணோமே தம்பி."

"இடது பக்கம் நெடுக்க படமா நிக்குதில்ல, அதான்."

"நெருப்பு நரி ஒண்ணு நிக்குது."

"அது இன்டர்நெட். மேல வலது பக்கம் en-னு இருக்கா? அத அமுக்குங்க. தமிழ்னு வருதா?"

வந்தது. அதை அமுக்கினாள்.

"இப்ப அம்மானு அடிங்க."

அவள் விரல்கள் யோசிக்காமல் ஓடின. m, k, அரைப்புள்ளி, k, h. பாமினியில் அம்மா அப்படித்தான் இருக்கிறாள்.

"என்னா வந்திச்சு?"

"ம்க்;க்ஹ்," என்று வாசித்தாள். "யாரோ தொண்டைய செருமுற மாதிரி வருது."

இளங்கோ சிரித்துவிட்டான். "அம்மா, நீங்க பாமினி அடிக்கிறீங்க. இதுல போன்ல அடிக்கிற மாதிரி அடிக்கணும். a, m, m, a, a. பாமினி பழசும்மா. பரீட்சைக்கு எந்த மிசின்லயும் தெரியுற யூனிகோட்தான்னு கடிதத்துலயே போட்டிருக்கில்ல. பாமினிய போட்டுத் தந்தாலும் உங்களுக்கு நாளைக்கு உதவாது."

"நாளைக்குள்ள இத நான் எப்பிடி பழகுறது?"

பஸ் வந்துவிட்டது. "சர்மிளாகிட்ட கேளுங்க. அவளுக்கு இதெல்லாம் தெரியும்," என்றான். லைன் போய்விட்டது.

சர்மிளா இளங்கோவின் மனைவி. ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன் அங்கே முன்பள்ளியில் படிப்பித்தவள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். அதில் புருசனோடு இருந்தது நாலு மாதம். மிச்ச நாளெல்லாம் இந்த வீட்டுக் குசினியில்தான்.

அப்போதும் குசினியில்தான் இருந்தாள். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கலாராணியும் இளங்கோவும் பேசும்போது மட்டும் அந்தச் சத்தம் நின்றிருந்தது.

*

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை கலாராணி புது விதமாக அடிக்கப் பார்த்தாள். மூளை a என்று சொன்னது. விரல் m-க்குப் போனது. மூளை k என்றது, விரல் f-இல் நின்றது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் இடது சின்ன விரலின் நுனியில் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது.

போனில் நேரம் வைத்து ஒரு நிமிடம் அடித்துப் பார்த்தாள். ஒன்பது சொல். அதில் மூன்று பிழை.

இடையில் எதையோ அமுக்கி, திரையில் இருந்த எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாகிப் பின்னுக்குப் போய்விட்டது. எங்கே போனது என்று தேடப் பத்து நிமிடம் போனது. கறுப்புப் பெட்டி ஒன்று வந்து, உள்ளே ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. ஏதாவது கேட்கிறதா, சொல்கிறதா என்று தெரியவில்லை. மூடினாள்.

பளீல் நானாவின் கடையில் ஆட்கள் வரிசையில் நின்று, "அந்தத் தமிழ் அடிக்கிற அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அரசாங்கக் கச்சேரிக்குக் கொடுக்கிற மனுவை அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, கீபோர்டைப் பார்க்காமல், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். சொல்லி முடிப்பதற்கும் அடித்து முடிப்பதற்கும் சரியாக இருக்கும். அழுகிறவர்களுக்காகக் கொஞ்சம் மெதுவாக அடிப்பாள்.

ஒன்பது சொல்.

லெப்டொப்பை மூடிவிட்டு, மூடியின் மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"அத்தை, டீ," என்று சர்மிளா பிளேன் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம்டி. நாளைக்குப் போறதில்ல நான். போயி அசிங்கப்பட ஏலாது."

சர்மிளா போகாமல் நின்றாள். துருவின தேங்காய்ப்பூ கையில் ஒட்டியிருந்தது. அதைச் சட்டையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அத்தை."

"ம்."

"ரங்கநாதன்னு ஒண்ணு இருக்கு."

"எந்த ரங்கநாதன்?"

"கீபோர்ட் பேரு. பாமினி மாதிரியேதான் அடிக்கணும். ரெண்டு மூணு எழுத்துதான் இடம் மாறியிருக்கும். ஆனா வர்றது யூனிகோட்."

கலாராணி நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே பாத்தேன்." சர்மிளா மேசையைப் பார்த்துச் சொன்னாள். "சொல்லணும்னு நெனச்சேன்."

மூன்று நாள். நினைத்தவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. ஆனால் கலாராணிக்கு அப்போது ரங்கநாதன்தான் முக்கியமாக இருந்தார். "உக்காரு, உக்காரு," என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

சர்மிளா போனிலிருந்து டேட்டா கொடுத்தாள். எங்கெங்கோ போய் எதையெதையோ அமுக்கினாள். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, பயமே இல்லாமல் ஒரு வரி அடித்தாள். மிசினை ஒரு தடவை நிறுத்தி, திரும்ப எழுப்பினாள்.

"இப்ப அடிங்க."

m, k, அரைப்புள்ளி, k, h.

அம்மா.

கலாராணி திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடிக்கத் தொடங்கினாள். என்ன அடிக்கிறோம் என்றே இல்லாமல், கை போன பக்கம். அன்புள்ள ஐயா. மேற்படி விடயம் தொடர்பாக. தங்கள் உண்மையுள்ள. மழை மாதிரிச் சத்தம். சர்மிளா போனில் நேரம் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு, அத்தை."

"இன்னொரு தடவ பாரு."

"நாப்பத்தொண்ணு."

கலாராணி சத்தமாகச் சிரித்தாள். மருமகளின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். சர்மிளாவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்கு முன்னாலேயே கண் வேறெங்கோ போய்விட்டது. கலாராணி அதைக் கவனித்தாள். தலையிடி போல என்று நினைத்துக்கொண்டாள்.

*

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சர்மிளா, மாமாவின் பிரஷர் குளிசை வாங்கச் சந்திக்குப் போனாள். கலாராணி பயிற்சிக்கு உட்கார்ந்தாள்.

பார்த்து அடிக்க ஏதாவது வேண்டும். பேப்பர் எடுக்கலாம் என்று எழுந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கடிதங்கள் திரையில் குப்பையாகத் தெரிந்தால் என்ன? அந்தக் குப்பை ஒவ்வொன்றும் ஒரு கட்டைதானே. அதே கட்டைகளை அமுக்கினால் ரங்கநாதன் அதைத் தமிழாக்கித் தர வேண்டும்.

திரையின் ஒரு பாதியில் பழைய கடிதத்தைத் திறந்து, மறு பாதியில் அடித்தாள். md;Gs;s என்று கண் பார்த்தது. 'அன்புள்ள' என்று கை போட்டது. இடம் மாறிய இரண்டு மூன்று எழுத்தையும் பழகிக்கொண்டாள். யாரோ ஒரு தாய்க்கு யாரோ ஒரு மகன் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு ஒன்று வந்தது. கலாராணிக்குப் பெரிய சந்தோசம். குப்பை ஒன்றும் குப்பை இல்லை.

ஐந்தாவதாகத் திறந்த கோப்புக்கு 111 என்று பெயர் இருந்தது. அவள் அப்படிப் பெயர் வைக்கிறவள் இல்லை. அவசரத்தில் வைத்திருப்பேன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினாள்.

கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நாலு வரி ஓடிய பிறகுதான், அடித்தது என்ன என்று பார்த்தாள்.

'ஐயா, வியாழக்கிழமை நடக்கும் தட்டச்சுப் பரீட்சைக்கு என்னையும் அழைத்ததற்கு நன்றி. எனது மாமியாரும் இதே வேலைக்கு விண்ணப்பித்துள்ளார். அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் உண்டு.'

கை நின்றுவிட்டது.

மிச்சம் ஒரு வரி இருந்தது. கீழே பெயர். அதை அடிக்கவே தேவையில்லை, பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு கட்டையாக அமுக்கினாள். திருமதி சர்மிளா இளங்கோ.

பிறகு அந்த ஒரு வரிக்குத் திரும்பி வந்தாள்.

'ஆகவே எனக்கு இந்த வேலை' வரை அடித்தாள். கடைசிச் சொல் திரையில் இப்படி இருந்தது:

Ntz;Lk;

வேண்டும்.

கலாராணி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு அனுபவம் இருக்கிறது, ஆகவே எனக்கு இந்த வேலை வேண்டும். இப்படி யாராவது எழுதுவார்களா? சர்மிளா எழுத நினைத்தது வேண்டாம் என்பதுதான். அது Ntz;lhk; என்று வந்திருக்க வேண்டும்.

கை தவறியிருக்கும் என்று விட்டுவிடலாம். வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். ஆனால் கலாராணி இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்தினவள். எந்தப் பிழையை எந்த விரல் விடும் என்று அவளுக்குத் தெரியும். 'டா' வேண்டும் என்றால் சின்ன l, பிறகு h. இரண்டு கட்டை. 'டு' வேண்டும் என்றால் பெரிய L. மற்றக் கையின் சின்ன விரலால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்க வேண்டும். கை தவறினால் பக்கத்துக் கட்டை விழும். யாரும் தவறிப்போய் ஷிப்டைப் பிடிக்க மாட்டார்கள்.

சர்மிளா பாமினி பழகாதவள். பழைய லெப்டொப்பில் தமிழுக்கு பாமினியை விட்டால் வேறு இல்லை. இந்தக் கடிதத்தைப் பழைய லெப்டொப்பில், கீபோர்ட் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு மணித்தியாலமாவது அடித்திருப்பாள். ஒரு மணித்தியாலம் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்து, கடைசியில் விரல் ஷிப்டைப் பிடித்திருக்கிறது.

கோபம் வந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நான் பளீல் நானாவின் கடைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டுவந்த விளம்பரத்துக்கு, எனக்குச் சொல்லாமல் இவளும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று முதலில் கோபம் வந்தது. மூன்று நாள் ரங்கநாதனை ஒளித்து வைத்திருந்தாள் என்று அடுத்தது வந்தது. ஆனால் அந்த இரண்டாவது கோபம் நிற்கவில்லை. ஒளித்தவள்தானே கொண்டுவந்தும் கொடுத்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளைக்குக் கலாராணி ஒன்பது சொல்லோடு வீட்டில் இருந்திருப்பாள்.

சென்ற வருடம் ஒரு நாள் சர்மிளா, பக்கத்து முன்பள்ளியில் ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னாள். "மகன் அனுப்புறான்தானே, எதுக்கு?" என்றார் அழகையா. கலாராணி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஏழு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வருகிற கலாராணிக்கு, வீட்டில் சமைத்து வைக்க ஒரு ஆள் இருந்தது வசதியாக இருந்தது.

போனை எடுத்து பளீல் நானாவுக்கு அடித்தாள்.

"நானா, நாளைக்கு மட்டும் ஒரு லெப்டொப் கிடைக்குமா?"

"ஏன் புள்ள, மகன் அனுப்பினது வேல செய்யல்லயா?"

"அது செய்யுது. இன்னொண்ணு வேணும்."

"ஒரு பரீட்சைக்கு ரெண்டு மிசினா? ரெண்டு கையாலயும் தனித்தனியா அடிக்கப் போறீங்களா?" பளீல் நானா சிரித்தார். அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "எண்ட மகன் ஸைத்துட ஒண்டு ஈக்குது. அவன் அத எடுத்துக்கிட்டு கொழும்புக்குப் போய்ட்டான் புள்ள. நாளைக்கு அசருக்குப் பொறகுதான் வருவான்."

நாளைப் பின்னேரம் எதற்கு ஆகும்?

கலாராணி எழுந்து சர்மிளாவின் அறைக்குப் போனாள். அலுமாரியைத் திறந்தாள். தட்டுகளுக்கு விரித்திருந்த பேப்பரைத் தூக்கிப் பார்த்தாள். அவளும் மருமகளாக இருந்தவள்தான். இரண்டாவது தட்டில், பேப்பருக்கு அடியில், அதே நிறுவனத்தின் கடித உறை இருந்தது. ஒன்பது மணி, அதே இடம், ஒரே மாதிரிக் கடிதம். பெயர் மட்டும்தான் வேறு.

*

சர்மிளா வந்தபோது நாலரை மணி. குளிசையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். கலாராணியும் பின்னால் போய், பயிற்றங்காயை எடுத்து உடைக்க உட்கார்ந்தாள்.

ஒரு பிடி உடைத்து முடித்ததும் வாயைத் திறந்தாள்.

"சர்மி, 111-னு பேர் வச்ச கடிதத்த வாசிச்சேன்."

சர்மிளாவின் கை நின்றது. "அத வாசிக்க ஏலாதே அத்தை. பாமினி இல்லையே."

"கண்ணுக்குத்தான் பாமினி வேணும். விரலுக்கு வேணாம்."

சர்மிளா அடுப்பைப் பார்த்து நின்றாள். பிறகு வேகமாகப் பேசினாள். "நான் போகப்போறதில்ல அத்தை. கடிதம் அனுப்பணும்னுதான் அடிச்சேன், அடுத்த நாளே மழை வந்து மிசின் போயிருச்சு. அனுப்பாட்டியும் பரவாயில்லனு விட்டுட்டேன். நீங்க போட்டது எனக்குத் தெரியாது. நான் போட்டதுக்குப் பொறகுதான் நீங்க சொன்னீங்க. சத்தியமா."

"தெரிஞ்சப்ப ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? கடை மூடுதுனு நீங்க சாப்பிடாம இருந்தீங்க."

அது உண்மை. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"கடைசிச் சொல்லு பிழை," என்றாள் கலாராணி.

"என்ன சொல்லு?"

"வேண்டாம்னு எழுத நெனச்சு வேண்டும்னு அடிச்சிருக்க."

சர்மிளாவின் முகம் சிவந்தது. "கை தவறியிருக்கும்."

"எல்லும் எச்சும் ரெண்டு கட்டை. பெரிய எல்லுக்கு ஷிப்ட்ட பிடிக்கணும். கை தவறி யாரும் ஷிப்ட்ட பிடிக்க மாட்டாங்க பிள்ள."

அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தள்ளியது. இருவரும் மூடியைத் திறக்கவில்லை. கஞ்சி வழிந்து நெருப்பில் சுர் என்றது.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?" சர்மிளாவின் குரல் உடைந்திருந்தது. கோபமும் அதில் இருந்தது. கலாராணி அந்தக் கோபத்தை இந்த வீட்டில் முதல் தடவையாகக் கேட்டாள். "ரெண்டு வருசமா இந்த வீட்டுல காலையில எழும்பி யாருக்காவது டீ ஊத்துறேன். பின்னேரம் அவருக்கு கோல் எடுக்கிறேன். என்னா செஞ்சனு கேப்பாரு. சமச்சேன்னு சொல்லுவேன். அடுத்த நாளும் அதையேதான் சொல்லுவேன். எனக்கு யூனிகோட்ல நிமிசத்துக்கு நாப்பது சொல்லு வரும் அத்தை. அது யாருக்கும் தெரியாது."

கலாராணி பயிற்றங்காயைக் கீழே வைத்தாள். எழுந்து சோற்றுப் பானை மூடியைத் திறந்து வைத்தாள்.

"எனக்கும் அந்த வேல வேணும் சர்மி," என்றாள். "பொய் சொல்ல ஏலாது. எனக்கும் வேணும்."

"தெரியும்."

"கடை போனா நான் யாருனு எனக்கே தெரியாது."

"அதுவும் தெரியும். அதாலதான் ரங்கநாதன சொன்னேன்."

வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"என்னா, பாமினி வந்துட்டாளா?" என்று அழகையா முன்னறையிலிருந்து கேட்டார்.

"அவ வரல," என்றாள் கலாராணி. "ரங்கநாதன் வந்திருக்காரு."

"ஆம்பளயா?" அழகையா குசினி வாசலில் வந்து நின்றார். "நான் காலையில போய் பின்னேரம் வர்றதுக்குள்ள வீட்டுல என்னதான் நடக்குது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். மிச்சச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "யாராவது டீ தருவீங்களா, நானே ஊத்திக்கவா?" என்றார்.

"நீங்களே ஊத்திக்குங்க," என்றாள் கலாராணி. "எங்களுக்கும் சேத்து ஊத்துங்க."

அழகையா சீனி டப்பாவைத் தேடினார். தேயிலை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டார். பிறகு அவராகக் கண்டுபிடித்தார்.

"சர்மி," என்றாள் கலாராணி. "நாளைக்கு வெள்ளன எழும்பு. ஏழேகால் பஸ்."

"நான் எதுக்கு அத்தை?"

"மிசின் இடையில நின்னுபோனா யாரு பாக்கிறது? அந்தக் கறுப்புப் பெட்டி எனக்கு வெளங்காது."

சர்மிளா அவளைப் பார்த்தாள். அந்தக் காரணத்தை நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. கலாராணி திரும்பி, பயிற்றங்காயைக் கழுவத் தண்ணீரைத் திறந்தாள்.

மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். லெப்டொப் கலாராணியின் மடியில் இருந்தது. சர்மிளாவின் கைப்பையில் அலுமாரிப் பேப்பருக்கு அடியில் இருந்த கடிதம் இருந்தது. அதைக் கைப்பையில் வைத்தது சர்மிளா இல்லை. எட்டரைக்குப் பேராதனை வீதியில் இறங்கி, மாடியில் போட்டிருந்த கதிரைகளில் உட்கார்ந்தார்கள். எட்டு ஐம்பதுக்கு ஒரு பெண் வெளியே வந்து, ஒவ்வொருவராகத்தான் பரீட்சை என்று சொல்லி, ஆறு பெயர்களை வரிசையாக வாசித்தாள். இரண்டாவது கலாராணி. ஐந்தாவது சர்மிளா. கலாராணி லெப்டொப்பை மடியிலிருந்து எடுத்து, இருவருக்கும் நடுவில் இருந்த வெறும் கதிரையில் வைத்தாள்.